முன்சக்கரம் உருள நான்கு ஞாயிறு

கியாய்க்தன்லன் பகோடா நிற்கும் மேட்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் இஞ்சினை அணைத்துவிட்டே இறங்கிவிடலாம். பல வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். சத்தமில்லாமல் காற்று முகத்தில் அடிப்பதுதான் உண்மைக் காரணம். மழை ஓய்ந்த ஐப்பசியில் ஒரு மாலை, பாதி இறக்கத்திலேயே வண்டி தயங்கித் தயங்கி நின்றுவிட்டது. பிரேக்கை நான் தொடவேயில்லை. இறங்கி, முன்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் மேல் குடிதண்ணீரைக் கொஞ்சம் சாய்த்தேன். 'சுர்' என்றது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அம்மா தண்ணீர் தெளித்துப் பார்ப்பாளே, அதே சத்தம்.

வண்டி, தாய்லாந்தில் செய்து மியாவதி எல்லை வழியாக மியான்மரின் மௌல்மீனுக்கு வந்த 125 சிசி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இந்த ஊரில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. போதாததற்குச் சால்வீன் முகத்துவாரத்து உப்புக்காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை, டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர் சேற்றிலேயே குளித்துக்கொண்டிருக்கும். அதை நான் ஒரு வருடமும் கழற்றிப் பார்த்ததில்லை.

கடையில் காட்டினேன். சயா என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "முழுசாக மாற்றிவிடுங்கள்" என்றார். பெட்டியில் பெயர்கூட இல்லாத ஒரு காலிப்பரை எடுத்து நீட்டினார். வண்டியை நிறுத்தும் பொருளைப் பெயர் தெரியாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

முதல் ஞாயிறு.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சீட்டில் அரை மூட்டை அரிசியை ஏற்றினேன். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. கையால் சுற்றினால் கால் வட்டம்கூடப் போகவில்லை. இந்த இடத்தில் ஒரு சோதனை உண்டு. பிரேக் லீவரை நன்றாகப் பிடித்து விட்டபின், காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே விடுபட்டால் பிரேக் ஆயில் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலே லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஊசித்துளை அடைத்திருக்கலாம், அல்லது குழாய் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம். விடுபடாவிட்டால் குற்றவாளி காலிப்பர்தான். எனக்கு விடுபடவில்லை. சொட்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

காலிப்பரைக் கழற்றினேன். இந்த வகையில் ஒரே பிஸ்டன், அதுவும் ஒரு பக்கம்தான். அது தன் பக்கத்துப் பேடை, அதாவது உரசும் பட்டையை, டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பரே 'பின்' என்கிற இரண்டு தண்டுகளின் மேல் நகர்ந்து எதிர்ப்பக்கத்துப் பேடை இழுத்து வரும். அந்தப் பின்களில் காலிப்பர் நகரவில்லை என்றால் ஒரு பேடு மட்டும் தேயும். என்னுடையதில் பிஸ்டன் பக்கத்துப் பேடு பாதியாகத் தேய்ந்திருந்தது, எதிர்ப்பேடு ஏறக்குறைய புதிது. கீழ்ப் பின்னைக் குறடு போட்டுத்தான் இழுக்க முடிந்தது. துருவைத் தேய்த்துத் துடைத்து, சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தாராளமாக அப்பி மாட்டினேன். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. வேலை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாம் ஞாயிறு.

அந்தத் தாராளம்தான் என்னைக் கவிழ்த்தது. பத்தே நாளில் பழைய கதை. கழற்றினால், பின்களை மூடும் ரப்பர் உறைகள் தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பிக் கிடந்தன. பெட்ரோலியக் கிரீஸ் இந்த ரப்பருக்கு ஆகாது. உப்பிய உறை பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸும் புது உறைகளும் வாங்கினேன். யாங்கூனிலிருந்து வந்திருந்த மச்சான் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "எங்கள் ஊரில் இந்தத் தலைவலியே கிடையாது மாப்பிள்ளை" என்றார். உண்மைதான், யாங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. பஸ்ஸுக்கு நிற்கும் தலைவலியைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை.

பின்கள் வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தன. சக்கரம் மட்டும் இன்னும் இறுக்கம். அப்படியானால் பிஸ்டன்.

மூன்றாம் ஞாயிறு.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று பம்பு வேண்டாம். துப்பாக்கிக் குண்டு போல வந்து விரலை நசுக்கிவிடும். பேடுகளை எடுத்துவிட்டு, ஆயில் குழாயைக் கழற்றாமல், லீவரையே அமுக்கினால் பிஸ்டன் மெல்ல மெல்ல வெளியே வரும். கீழே ஒரு பேசினை வைத்துக்கொண்டு தங்கை மகனை லீவரில் நிறுத்தினேன். "அமுக்கட்டுமா மாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு அமுக்கினான். இருபது அமுக்குக்குப் பின் 'பொளக்' என்று விழுந்தது. ஆயில் தெறித்து முன் மட்கார்டில் பட்டதை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ட் சுருங்கி உரிந்திருந்தது. பட்டவுடன் தண்ணீர் ஊற்றியிருந்தால் தப்பியிருக்கும்.

பிஸ்டனில் பழுப்பு வளையம் ஒன்று இருந்தது. நகத்தால் வருடிப் பார்த்தேன், குழி எதுவும் தட்டுப்படவில்லை. குழி விழுந்திருந்தால் பிஸ்டனையே மாற்ற வேண்டும்; உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும். பழைய துணியில் பிரேக் ஆயில் நனைத்துத் துடைத்தேன், பளபளத்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே மறுபடி மாட்டினேன். மின்சாரம் போய், பேட்டரி விளக்கில் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றி முடித்தபோது மணி எட்டு. சக்கரம் அரை வட்டம் போய் நின்றது.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பளபளக்கும் பிஸ்டன் ஏன் பின்வாங்க மறுக்கிறது? அதைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சீல்தான். சதுர விளிம்புள்ள அந்த ரப்பர் வளையம், பிஸ்டன் முன்னே போகும்போது அதோடு ஒட்டிக்கொண்டு சாயும். லீவரை விட்டவுடன் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு முடியளவு பின்னுக்குக் கொண்டுவரும். சீல் சாய இடமில்லை என்றால் எல்லாம் போச்சு.

நான்காம் ஞாயிறு.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். புதுச் சீலைக் காலிப்பரில் அது உட்காரும் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் உட்காராமல் எழும்பி நின்றது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: பள்ளத்தின் அடியில் வெள்ளையாக, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காய்ந்து பொருக்குத் தட்டியது போல ஒரு படிவு. அலுமினியம் அரித்துப் பூத்த பூ. அதுதான் சீலை அடியிலிருந்து தூக்கி, பிஸ்டனின் கழுத்தைப் பிடிக்க வைத்திருக்கிறது. போன வாரம் இந்தப் பள்ளத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு நகர்ந்தவன் நான்.

ஸ்குரூ டிரைவர் போட்டால் பள்ளம் கீறிவிடும். மூங்கில் குச்சியை உளி போலச் சீவி, பிரேக் ஆயிலில் நனைத்து, சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். குச்சி நுனி மழுங்கும், மறுபடி சீவுவேன். முதலில் மாவு போல வந்தது, பிறகு செதில் செதிலாக. தூசிச் சீல் உட்காரும் வெளிப்பள்ளத்தில் இன்னும் மோசம். இரண்டு பள்ளத்துக்கும் இரண்டரை மணி நேரமும் ஏழு குச்சியும் ஆயின. அதன்பின் புதுச் சீல் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பிஸ்டனைக் கட்டைவிரலாலேயே உள்ளே தள்ள முடிந்தது.

ஆயில் முழுவதும் புதிதாக, மேலே ஆயில் கிண்ண மூடியில் எழுதியிருந்தபடி டாட் 4 ரகம். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் 155 தாங்கினால் போதும் என்பதுதான் தரவிதி. எங்கள் ஊர் ஈரத்தில் அந்தக் கடுங்காப்பி எத்தனை டிகிரியில் கொதித்திருக்குமோ! மருமகன் லீவரைப் பிடிக்க, நான் திருகைத் திறந்து மூட, குமிழி நிற்கும் வரை செய்தோம். மேலே கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்வதை அவனிடமே விட்டேன். மட்கார்டின் மேல் ஈரத்துண்டு விரித்திருந்தேன்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். மருமகன் எண்ணினான், ஆறு வரை போனது. பேடு டிஸ்க்கை லேசாக உரசும் 'ஸ்ஸ்' சத்தம் மட்டும். அது இருக்கத்தான் வேண்டும்.

தெருவிலேயே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, முடோன் சாலையில் வின் செயின் தோயாவின் படுத்த புத்தர் வரை போனேன், இருபது கிலோமீட்டர். கடைசிக் கொஞ்ச தூரம் முன்பிரேக் பிடிக்கவில்லை. நிறுத்தி டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினேன். சத்தமே இல்லை, வழிந்து கீழே சொட்டியது.

திரும்பும்போது வேண்டுமென்றே பகோடா மேட்டைச் சுற்றி வந்து, உச்சியில் இஞ்சினை அணைத்தேன். இழுத்துப் பிடிக்கும் வண்டிக்கே பழகியிருந்த கை, லீவரைத் தேடக் கொஞ்சம் தாமதித்துவிட்டது. எங்கள் வாசலைத் தாண்டி, தேநீர்க்கடைக்கு முன்னால் போய்த்தான் நின்றேன்.