வயதை முந்திய ஆட்டம்: கிரெட்ஸ்கியின் தொடக்க ஆண்டுகள் பற்றிய நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனிக்கிழமை

விடியற்காலைப் பயிற்சிக்கு மகளை அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்குக் கிடைத்த ஜேர்சி முழங்கால்வரை தொங்கி, மட்டையைப் பிடிக்கும் கையில் சிக்கிக்கொண்டே இருந்தது. வலப்பக்க ஓரத்தை எடுத்துக் காற்சட்டைக்குள் செருகிவிட்டபோதுதான் கனடாவின் பனி ஹொக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியின் நினைவு வந்தது. 1961 ஜனவரி 26 அன்று ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்ட் நகரில் பிறந்த அவர், ஆறு வயதிலேயே பத்து வயதுப் பிள்ளைகளின் அணியில் இடம்பிடித்தார். அவர்களுக்கு அளவெடுத்த ஜேர்சி அவருக்குப் பெரிதாக இருந்ததால், தந்தை வோல்ட்டர் அதன் வலப்பக்கத்தை உள்ளே செருகிவிட்டார். ஹொக்கியில் எட்டவேண்டிய உயரங்களையெல்லாம் எட்டிய பிறகும், ஆட்டத்திலிருந்து விடைபெறும்வரை அவர் ஜேர்சியை அப்படியே செருகிக்கொண்டார். அந்த முதல் பருவத்தில் அவர் அடித்தது ஒரேயொரு கோல்.

அவருடைய 21 வயதுவரையான ஆண்டுகளை மட்டும் இந்த மாதம் எழுதிவைக்க எண்ணியிருக்கிறேன். பின்னாளின் வெற்றிக் கிண்ணங்களை எல்லோரும் அறிவார்கள். வயதுக்கு மீறிய களங்களில் ஒரு சிறுவன் நின்ற விதமே என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை

வோல்ட்டர் கிரெட்ஸ்கி தொலைபேசி நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். குளிர்காலம் வந்ததும் வீட்டின் பின்வளவில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்துப் பனித்தளம் அமைப்பார். வெறுந்தகரப் பேணிகளை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கிடையே வளைந்து சறுக்கச் செய்வார். தரையில் கிடத்திய மட்டைகளைத் தாண்டிக் குதித்தபடியே, பனி ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ‘பக்’ எனும் ரப்பர் வட்டை வாங்கப் பழக்குவார். கிரெட்ஸ்கியைப் பற்றிப் பேசும்போது ‘பிறவித் திறமை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அப்படிச் சொல்வது அந்தப் பின்வளவில் கழிந்த மணித்தியாலங்களுக்கு நாம் செய்யும் அநீதி என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜனவரி 13, சனிக்கிழமை

வோல்ட்டர் மகனுக்குக் கொடுத்த இன்னொரு பயிற்சியை இன்றிரவு நாங்களும் செய்து பார்த்தோம். தொலைக்காட்சியில் ஆட்டம் நடக்கும்போது ஒரு தாளில் பனித்தளத்தின் வடிவத்தை வரைந்து, கண்களைத் திரையிலிருந்து எடுக்காமல், பக் செல்லும் வழியையெல்லாம் பென்சிலால் தொடர்ந்து கோடிழுக்க வேண்டும்.

“அப்பா, பக்கைப் பார்க்கிறதா, பேப்பரைப் பார்க்கிறதா?” என்று மகள் கேட்டாள்.

“பக்கை மட்டும் பாரம்மா, கை தானாகப் போகட்டும்” என்றேன்.

ஆட்டத்தின் முதற் பகுதி முடிந்ததும் விளக்கின் கீழ்த் தாளைப் பிடித்துப் பார்த்தோம். நடுத்தளத்தில் தனித்தனிக் கோடுகள் சில குறுக்கே ஓடியிருந்தன. சுவரோரங்களிலும் மூலைகளிலும் கோல் வலைக்குப் பின்னாலும் கோட்டின்மேல் கோடு விழுந்து, பென்சிற் கரி பளபளக்கும் அளவுக்குத் தாள் கறுத்திருந்தது. பக் எங்கே வந்து சேரும் என்பதை வோல்ட்டர் மகனுக்குக் காட்டியது இப்படித்தான். மற்றவர்கள் பக்கைத் துரத்த, கிரெட்ஸ்கி அது வந்துசேரும் இடத்திற்கு முன்கூட்டியே போய் நின்றார் என்பதன் பொருள் எனக்கு இன்றுதான் முழுமையாக விளங்கியது.

ஜனவரி 17, புதன்கிழமை

பத்து வயதில், 1971-72 பருவத்தில், அவர் அடித்தவை 378 கோல்கள். அந்த எண்ணிக்கையோடு புகழும், புகழோடு பொறாமையும் வந்தன. பிற பிள்ளைகளின் பெற்றோர் அரங்கில் அமர்ந்தபடி ஒரு சிறுவனை ஏளனம் செய்தார்கள். 1975இல் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் பிரான்ட்ஃபோர்ட் நகருக்கென்று ஒதுக்கிய நாளில், அவர் தளத்தில் இறங்கியதும் சொந்த ஊராரே கூச்சலிட்டு அவமதித்தார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. விளையாட்டரங்குகளில் பெற்றோர் எழுப்பும் குரல்களை நானும் வாரந்தோறும் கேட்கிறேன்.

பதினான்கு வயதில் அவர் வீட்டைவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து வேறொரு குடும்பத்துடன் தங்கினார். ஊர் மாறி ஆடுவதை விதி தடுத்தது. வழக்குத் தொடுத்தும் பயனில்லை. தன் வயதினரோடு ஆட வழியில்லாமற் போனதால், இருபது வயதுவரையான இளைஞர்கள் மோதும் ஜூனியர் ‘பி’ பிரிவில் ஆடினார். உடல் மெலிந்த சிறுவன் அங்கே முட்டி மோதி நிலைக்க முடியாது. ஆகவே, வலைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃபிலடெல்ஃபியா வீரர் பொபி கிளார்க்கைக் கவனித்து அந்த முறையைக் கற்றுக்கொண்டார். எங்கள் தாளில் கறுத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஜனவரி 20, சனிக்கிழமை

1977-78இல் சூ செயின்ற் மேரி கிரேஹவுண்ட்ஸ் அணிக்காக 64 ஆட்டங்களில் 70 கோல்கள், சக வீரர் கோல் அடிக்க வழிசெய்த 112 உதவிகள். அவர் போற்றிய ஹொக்கி நட்சத்திரம் கோர்டி ஹோவின் 9ஆம் இலக்கம் அணியின் மூத்த வீரர் ஒருவரிடம் இருந்ததால், பயிற்றுநரின் யோசனைப்படி 99ஐ அணிந்தார். அதே பருவத்தில் மொன்றியலில் நடந்த உலக இளையோர் போட்டியில், பதினாறு வயதில், எல்லோரையும்விட அதிகமான புள்ளிகளை (கோல்களும் உதவிகளும் சேர்ந்த கூட்டுத்தொகை) பெற்றார்.

ஜனவரி 26, வெள்ளிக்கிழமை

இன்று அவருடைய பிறந்தநாள்.

இருபது வயது நிறையாதவர்களை, வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான தேசிய ஹொக்கி லீக் அப்போது சேர்த்துக்கொள்வதில்லை. அதற்குப் போட்டியாக இயங்கிய உலக ஹொக்கி சங்கத்தில் அந்தத் தடை இல்லாததால், 1978இல் இண்டியானாபொலிஸ் ரேசர்ஸ் அணியின் உரிமையாளர் நெல்சன் ஸ்கல்பானியா பதினேழு வயதுக் கிரெட்ஸ்கியை ஒப்பந்தம் செய்தார். பணமுடை காரணமாக எட்டே ஆட்டங்களுக்குப் பின் அவரையும் மேலும் இரு வீரரையும் எட்மன்ரன் ஒயிலர்ஸ் அணிக்கு விற்றுவிட்டார். 1979 ஜனவரி 26 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளில், எட்மன்ரன் அரங்கின் நடுத்தளத்தில் வைத்து 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

அந்த ஆண்டு சங்கம் மூடப்பட, ஒயிலர்ஸ் உட்பட நான்கு அணிகள் தேசிய லீக்கில் இணைந்தன. முதற் பருவத்திலேயே கிரெட்ஸ்கி 137 புள்ளிகள் எடுத்தார். மார்செல் டியோனும் அதே 137. கோல்கள் 53க்கு 51 என்பதால் புள்ளிகளுக்கான விருது டியோனுக்குப் போனது. சிறந்த புதுமுக வீரருக்கான விருதுக்கோ, முன்னரே தொழில்முறையில் ஆடியவர் என்ற காரணத்தால், கிரெட்ஸ்கியின் பெயர் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. வயது போதாதென்று வாசலை அடைத்த அதே லீக், உள்ளே வந்தபின் ‘நீ புதியவனல்ல’ என்றது. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால், லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த வீரருக்கான ஹார்ட் விருதை அவருக்குக் கொடுத்தார்கள்.

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை

ஒரு பருவத்தின் முதல் ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் என்பது 1944-45இல் மொரீஸ் ரிச்சர்ட் நிறுவி, 36 ஆண்டுகள் கழித்து மைக் பொசி மட்டுமே எட்டிய எல்லை. 1981 டிசம்பர் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஆட இறங்கியபோது, 38 ஆட்டங்களில் 45 கோல்களோடு இருந்தார் கிரெட்ஸ்கி. அன்றிரவு நான்கு கோல்கள் அடித்தார். இறுதி நொடிகளில் ஃபிலடெல்ஃபியா இன்னொரு தாக்கும் வீரரை இறக்குவதற்காகத் தன் கோல் காப்பாளரை வெளியே அழைத்துக்கொள்ள, வெறும் வலைக்குள் ஐந்தாவதையும் அடித்தார். 39 ஆட்டங்களில் 50 கோல்கள், வயது இருபது.

ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் மூத்த வீரர் ஒருவர் ஒயிலர்ஸின் உடைமாற்றும் அறைக்கே வந்து அவரைப் பாராட்டினார். வந்தவர் பொபி கிளார்க்.