முட்டுக்கும் ஒரு பட்டை

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மாடிப் பள்ளிக் கட்டடத்தின் சைட்டை என்னிடம் விட்டார்கள். முதல் வாரமே எக்செல்லில் கேன்ட் சார்ட் போட்டேன். இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே தேதிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பிக்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை ஒரு வண்ணப் பட்டை. பெரிய தாளில் பிரின்ட் எடுத்து சிமென்ட் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

மேஸ்திரி வந்து பார்த்தார். வரிசை வரிசையாக இறங்கிய அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "ரூஃப் கான்கிரீட் போட்ட மூணாம் நாளே கீழே செங்கல் கட்டுன்னு போட்டிருக்கீங்களே சார். முட்டு நிக்குமே, நான் எங்க நின்னு கட்டுறது?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது தேர்வுக்குப் படித்ததுதான்: சாதாரண சிமென்டில், தாங்கல்களுக்கு நடுவே தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை என்றால், அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை 7 நாள் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் 14 நாள். எங்கள் வகுப்பறைகள் 6 மீட்டர். அந்த இரண்டு வாரமும் கீழே நெருக்கமாக முட்டுகள் நிற்கும், குனிந்துதான் உள்ளே போகவே முடியும். தெரிந்த விஷயம் ஏன் சார்ட்டில் வரவில்லை? அந்த நாட்களில் அங்கே யாரும் வேலை செய்வதில்லை. கூலி இல்லை, பொருள் இறக்குவதில்லை. ஆள் இறங்கும் வேலைகளை மட்டும் எழுதிவிட்டு, காத்திருப்பதை விட்டுவிட்டேன். தளத்தின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நாட்களுக்கும் அதே கதிதான்.

அதைத் திருத்தினால் செங்கல் கட்டு 12 நாள் தள்ளிப் போனது. அதோடு நிற்கவில்லை. சுவர் எழும்பினால்தான் எலக்ட்ரீஷியன் பைப்புக்குக் காடி வெட்டுவார். காடி வெட்டினால்தான் பூச்சு. பூச்சு காய்ந்தால்தான் பெயின்ட். ஒன்று நகர்ந்ததும் பின்னால் இருந்த எல்லாம் கோர்த்தாற்போல நகர்ந்தன. பூச்சு நேராகத் தீபாவளி விடுமுறையில் போய் உட்கார்ந்தது. பட்டையின் நீளம்தான் திட்டம் என்று நினைத்திருந்தேன். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்ற தொடுப்புதான் திட்டம். பட்டைகளுக்கு நடுவே அம்புக்குறி இல்லாத சார்ட்டை இப்போது நான் காலண்டராகத்தான் பார்க்கிறேன்.

"அதுக்கு ஏன் சார் கவலைப்படுறீங்க, நம்ம ஆளுங்களைக் காம்பவுண்டு அஸ்திவாரத்துக்கு அனுப்பிடுவோம். மழைக்கு முன்னாடி தண்ணித் தொட்டிக்கும் குழி எடுத்துடலாம்" என்றார் மேஸ்திரி. காம்பவுண்டு சுவர் எந்த வேலையையும் பிடித்து வைக்கவில்லை; முன்னே வந்தாலும் பின்னே போனாலும் கட்டடம் முடியும் தேதி மாறாது. பாடப்புத்தகத்தில் 'ஃப்ளோட்' என்று படித்தது அதுதான் என்பது அவர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. நகர முடியாத வேலைகள் ஒரு சங்கிலி, நகரக்கூடியவை தனி. அந்தச் சங்கிலியை மட்டும் சிவப்பில் போட்டேன்.

இந்த சார்ட்டுக்குப் பெயர் தந்த ஹென்றி கேன்ட், 1910-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக இதை வரைந்தார். அவருடைய தாள்களில் இந்த அம்புக்குறிகள் கிடையாது. சங்கிலியைக் கணக்கிடும் முறை 1950-களின் இறுதியில்தான் வந்தது. ஆனால் நாம் இன்று கோட்டைவிடும் ஒன்று அவரிடம் இருந்தது. அன்றன்று நடந்த வேலைக்கு மெல்லிய கோடு, மொத்தம் நடந்ததற்குத் தடித்த கோடு என்று நடக்க நடக்க வரைந்தார். போட்ட திட்டத்தையும் நடந்த வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கத்தான் அந்தத் தாள். நம் சைட்டுகளில் பெரும்பாலும் ஒரு தடவை பிரின்ட் எடுப்பதோடு சரி. அப்புறம் அதன்மேல் சிமென்ட் தூசிதான் படியும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அதனால் சனிக்கிழமை மாலை, கூலி கொடுத்து முடிந்ததும் மேஸ்திரியோடு உட்கார்ந்து, பட்டைக்குக் கீழே பென்சிலால் நடந்ததை வரைய ஆரம்பித்தேன். முழு சார்ட்டும் என்னிடம் இருக்கும். சுவரில் அடுத்த மூன்று வாரம் மட்டும். இருநூறு வரிசை இருந்தால் யாரும் கிட்டேயே வரமாட்டார்கள்.

எலக்ட்ரீஷியனுக்கும் நான் ஒரு தடவை தவறிய பிறகுதான் சார்ட்டில் சரியான இடம் கிடைத்தது. முதல் தளத்தில் 'எலக்ட்ரிக்கல்' என்று இரண்டு மாதத்துக்கு ஒரே நீளப் பட்டை போட்டிருந்தேன். ரூஃபுக்குள் போகும் பைப்பும் ஃபேன் பாக்ஸும் கான்கிரீட்டுக்கு முன்பே, கம்பி கட்டும்போதே உள்ளே போயாக வேண்டும். அவர் வேறு சைட்டில் இருந்தார்; மறுநாள் காலைக்கு ரெடிமிக்ஸ் லாரி சொல்லியாகிவிட்டது. லாரியை ஒரு நாள் தள்ளி, எல்லோரிடமும் பேச்சு வாங்கினேன். இரண்டாம் தளத்துக்கு அந்த நீளப் பட்டையை உடைத்து, அடிக்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவே அரை நாள் கட்டம் ஒன்று வைத்தேன்.

இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்டும் வாரம் எலக்ட்ரீஷியனே போன் செய்தார்.

"என் கட்டம் எப்ப சார் வருது?"

"புதன் மதியம்ணே. அடிக்கம்பி கட்டினதும் நீங்கதான்."