உறவு என்னும் கட்டம்

ஜூன் 3
அப்பா இன்றும் கண் திறக்கவில்லை. மருந்து சற்றுத் தெளியும்போது கை தானாக வாயிலுள்ள சுவாசக் குழாயை நோக்கிப் போகிறதாம். அதனால் இரு கைகளையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 5
வாய்வழிக் குழாய் வைத்துப் பன்னிரண்டு நாள்கள் ஆகிவிட்டதால், தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரைத் தொடரலாமா என்று மருத்துவர் கேட்கிறார். ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அத்தை அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். அத்தை என்று நாங்கள் அழைத்தாலும், அவர் அப்பாவுக்கு ரத்த உறவோ மண உறவோ இல்லை. ஆனால் பதினோரு ஆண்டுகள் உடனிருந்து, அப்பா எதற்கு அஞ்சுவார், எதைப் பொறுத்துக்கொள்வார் என்பதையெல்லாம் அறிந்தவர் அவர். நானோ வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்த மகள். பேனாவைத் திறந்து, மூடிவிட்டேன்.

ஜூன் 6
எதையும் நிறுத்தக் கூடாது என்கிறார் அண்ணன், தொலைபேசியில்.

ஜூன் 7
உறக்கம் வராமல் அருணா ஷான்பாக் வழக்கைப் படித்தேன். மும்பையில் செவிலியராக இருந்தவர் அவர். 1973 முதல் நினைவின்றிக் கிடந்த அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிப் பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று தள்ளுபடி செய்தபோது, அவர் சார்பில் பேசும் தகுதி அத்தனை ஆண்டுகள் அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் எவரும் ரத்த உறவு அல்லர். உடலைத் தினமும் துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கு ஓர் உரிமை உண்டு என்று நீதிமன்றமே ஏற்றிருக்கும்போது, நம் படிவத்தில் அத்தைக்கு ஏன் இடமில்லை?

அமெரிக்காவின் டெர்ரி ஷியாவோ வழக்கில் நினைவு திரும்பாத அவருடைய உணவுக் குழாயை அகற்றக் கோரிய கணவர் ஒருபுறமும் அதை எதிர்த்த பெற்றோர் மறுபுறமுமாகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார்கள். உணவுக் குழாய் 2005 மார்ச் 18 அன்று கடைசி முறையாக அகற்றப்பட்டது. 31ஆம் தேதி அவர் இறந்தார். அவர் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை.

அப்பாவும் எழுதிவைக்கவில்லை.

ஜூன் 8
அப்பாவின் கைக்கட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன். முடியாது என்றார்கள்.

ஜூன் 9
நோயாளியின் விருப்பத்தை உறவினர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்பதை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான ஒரு கட்டுரையைப் படித்தேன். அவர்கள் சொன்னது சரியாக இருந்தது ஏறத்தாழ 68 விழுக்காடு. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, அன்புள்ளவர்களே தவறிவிடுகிறோம். என் ஊகம் எந்தப் பக்கம் விழுமோ என்ற அச்சம் இன்று முழுவதும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மாலையில் அத்தை சொன்னார்: நண்பர் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா, "என்னை இப்படிக் கட்டிப் போட விட்டுவிடாதே" என்றாராம். நல்ல உடம்போடு இருந்தவர் சொன்ன வார்த்தை அது, இந்த நிலையில் வேறு விதமாக நினைக்கலாம் அல்லவா என்கிறார் அண்ணன். அதைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொன்னது என்று நம்மிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றவை எல்லாம் நம் விருப்பங்கள்.

ஜூன் 11
மருத்துவர் இன்று கேள்வியை மாற்றிக் கேட்டார். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று கேட்காமல், "அவர் ஐந்து நிமிடம் எழுந்து உட்கார்ந்து தம் நிலையை முழுவதும் கேட்டுக்கொண்டால் உங்களிடம் என்ன சொல்வார்?" என்றார். முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்று இத்தனை நாள் நாங்கள் போட்ட சண்டையில் அப்பா இருக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் அத்தை; அவரோ கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 12
அண்ணன் நாளைக் காலையில் வந்து சேர்கிறார். குடும்பத்தார் மட்டும் பேசினால் போதும் என்கிறார். அத்தை இல்லாமல் அந்த அறைக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

இடது கையை மட்டும் இன்று ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்டார்கள். அத்தை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.