கச்சா எண்ணெய் ஊறிய வயலை மீட்ட அனுபவம்

திருவாரூர்ப் பக்கம் எங்கள் வயலை ஒட்டிப் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் ஒரு மாசி மாதத்தில் உடைந்தது. சம்பா அறுவடை முடிந்து உளுந்து நின்ற நேரம். ஏறக்குறைய அரை ஏக்கர் கறுத்துப் போனது. தேங்கியதை டேங்கர் லாரியில் உறிஞ்சிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் இறங்கியதை என்ன செய்வது?

மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் கொட்டித் தருவதாக முதலில் பேச்சு வந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. காவிரி வண்டல் தலைமுறை தலைமுறையாகப் படிந்த மண்ணுக்கு ஈடாக எதைக் கொண்டுவந்து கொட்ட முடியும்? அதே மண்ணை நுண்ணுயிர் வைத்துச் சுத்தம் செய்வது என்று கடைசியில் முடிவானது.

எண்ணெய் இறங்கிய ஆழம் வரை மண்ணைத் தோண்டி, வயலின் ஒரு மூலையில் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஓரடி உயரத்துக்குப் பரப்பினார்கள். சுற்றிலும் வரப்பு. மண்ணை ஓரடிக்கு மேல் உயர்த்தினால் அடியில் காற்றுப் போகாது. பிறகு பாக்டீரியா மூட்டைகள் வந்தன. டெல்லியில் உள்ள டெரி (TERI) ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ இந்தியாவில் பெயர் பெற்றது. மக்காச்சோளத் தக்கைப் பொடியில் பாக்டீரியாக்களை ஏற்றித் தருவார்கள். எங்களுக்கு வந்ததும் அந்த வகைதான். ஊரே மூட்டையைத்தான் வேடிக்கை பார்த்தது.

ஆனால் பாதிக்கு மேல் வேலை மூட்டைக்கு வெளியே இருக்கிறது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெயைத் தின்னும் உயிர்கள் நம் மண்ணிலேயே உண்டு. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கடற்கரையில் உரம் போட்டே அங்கிருந்த நுண்ணுயிர்களின் வேகத்தைக் கூட்டினார்கள். எண்ணெயில் கார்பன் ஏராளம்; தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இல்லை என்றே சொல்லலாம். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது பொதுக் கணக்கு. யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டது அதற்காகத்தான், அதுவும் பிரித்துப் பிரித்து. ஒரே தடவையில் கொட்டினால் உப்பு ஏறி அந்த உயிர்களையே அடக்கிவிடும்.

அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது தண்ணீர் விஷயம். நஞ்சைக்காரர் கை தானாக மடையைத் திறக்கப் போகும். மேற்பார்வைக்கு வந்த நுண்ணுயிரியல் படித்த பெண், “ஐயா, தண்ணி கட்டிடாதீங்க. ஈரம் இருக்கணும், தேங்கக் கூடாது” என்று வரும்போதெல்லாம் சொல்வார். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் எண்ணெய் சிதைவது வெகுவாகக் குறைந்துவிடும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் வடியக் கூடாது. அந்தப் பதத்தை அப்பா பிடித்துக்கொண்ட பிறகு அவரைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் களிமண் இன்னொரு சோதனை. எண்ணெயும் சேர்ந்தால் கட்டி கட்டியாக நிற்கும், கட்டியின் நடுவில் எதுவும் நடக்காது. நெல் உமியும் நறுக்கிய வைக்கோலும் கலந்து, பவர் டில்லரால் வாரந்தோறும் புரட்டினோம். சித்திரை வெயில் உதவி செய்தது. 30 முதல் 40 டிகிரி வெப்பத்தில் இந்த உயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். முதல் நாட்களில் வாடை கடுமையாக இருக்கும், பென்சீன் போன்ற ஆவிகள் அதில் உண்டு. குழந்தைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மண்ணில் இருந்த எண்ணெயின் அளவு முதலில் மளமளவென்று இறங்கியது. லேசான பகுதி ஆவியாகும், நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை (எண்ணெயில் கிளையில்லாமல் நீளும் கார்பன் தொடர்களை) பாக்டீரியா சீக்கிரம் முடித்துவிடும். அப்புறம் இறக்கம் மெதுவானது. தார் போன்ற கனமான பகுதி லேசில் சிதைவதில்லை. வாடை போய்விட்டதே, முடித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னது இந்தக் கட்டத்தில்தான். மூக்கை நம்பாதீர்கள். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று ஆய்வக அறிக்கை கேளுங்கள். கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கியிருந்தோம். மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். அடிமண்ணும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நல்ல மண்ணைக் கலந்து அறிக்கையில் வரும் அளவைக் குறைக்க விடக் கூடாது. அது எண்ணெயைப் பரப்புவதே தவிர, சுத்தம் செய்வது ஆகாது. பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க வைத்தோம்.

அளவு இறங்கிய பிறகு அம்மா தன் வழியில் ஒரு சோதனை வைத்தார். அந்த மண் ஒரு தொட்டியில், பக்கத்து வயல் மண் ஒரு தொட்டியில், இரண்டிலும் பச்சைப்பயறு. முளைப்பு கிட்டத்தட்ட சமம், வேர் மட்டும் கொஞ்சம் குட்டை. அதனால் குறுவையை விட்டுவிட்டு, மண்ணைத் திருப்பிப் பரப்பி, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம்.

இப்போது அங்கே சம்பா நிற்கிறது. அந்த அரை ஏக்கர் நெல்லைத் தனியாக அறுத்துச் சோதனைக்கு அனுப்பப் போகிறோம். அறிக்கை வரும் வரை அதில் ஒரு படி கூட வீட்டுக்கு எடுப்பதில்லை என்பது அம்மாவின் முடிவு.