உத்திரத்துக்குக் கிழக்கே ஒரு கறை

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தது முதல், பங்குனி மாத இருட்டு நாட்களில் பிசான அறுவடை முடிந்த வயலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஆறு அங்குலத் தொலைநோக்கியில் வானம் காட்டி வருகிறேன். முதல் ஆண்டில் நான் செய்த பிழை, மெசியர் 100 என்னும் சுருள் விண்மீன் திரளை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படமாகக் காலையிலேயே வகுப்பில் காட்டியதுதான். இரவில் அந்தச் சுருள் கரங்களை எதிர்பார்த்தே எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

உத்திர நட்சத்திரத்திலிருந்து கிழக்கே, நீட்டிய கையின் முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தால் அது இருக்கும் இடம் வந்துவிடும். "சாஸ்தா கோயிலுக்குப் போவோம்லா, அந்த உத்திரமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதேதான், ஆனால் பங்குனி உத்திரத்தன்று நிறைநிலவு பக்கத்திலேயே நின்று இதை மறைத்துவிடும் என்பதால், அமாவாசையை ஒட்டித்தான் பார்க்க இயலும். முதலில் குனிந்து பார்த்த பையன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். "சார், கண்ணாடியில அழுக்கு இருக்குல்லா?" அவன் லென்ஸைத் துடைப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

அவன் அழுக்கென்று நினைத்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் ஈர்ப்பால் கூடியிருக்கும் கன்னிக் கொத்தில், ஏறத்தாழ நம் பால்வழி அளவே உள்ள ஒரு திரள். ஹபிளும் முதலில் அதைத் தெளிவின்றித்தான் கண்டது. 1990இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, விளிம்பில் தலைமயிரின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு அதிகம் தேய்க்கப்பட்டிருந்ததால், ஒளி ஒரே புள்ளியில் குவியவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பழுதைச் சரிசெய்த பிறகு, முன்னும் பின்னும் எடுத்த மெசியர் 100 படங்களை அருகருகே வைத்தே அதை உலகுக்குக் காட்டினார்கள். மறு ஆண்டே வானியலாளர் வென்டி ஃப்ரீட்மன் குழுவினர் அத்திரளில், ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் செபீட் வகை விண்மீன்கள் 20ஐத் தனித்தனியே பிரித்தறிந்தனர். மெதுவாகத் துடிக்கும் செபீட் உண்மையில் அதிகம் ஒளிரும் என்று ஹென்ரியெட்டா லெவிட் 1912இலேயே காட்டியிருந்தார். அந்த உண்மை ஒளிர்வை இங்கிருந்து தெரியும் ஒளியோடு ஒப்பிட்டபோது, தொலைவு சுமார் 5.6 கோடி ஒளியாண்டு என்று கிடைத்தது.

மறுநாள், பார்த்ததை வரையச் சொன்னேன். பெரும்பாலோர் கரங்களோடு வரைந்திருந்தார்கள். கைக்குட்டைப் பையன் மட்டும் பென்சிலால் கிறுக்கி, விரலால் தேய்த்து, ஒரு கறையை வைத்திருந்தான். முழு மதிப்பெண் அவனுக்கே இட்டேன்.

அதன் பிறகு படத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டேன். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சுற்றி இருப்பதால், பிள்ளைகளை ஓரக்கண்ணால் பார்க்கப் பழக்குகிறேன். கரங்கள் அப்போதும் தெரிவதில்லை. கறை சற்றே அகலமாகும், அவ்வளவுதான்.