வாக்குப் போடாத தம்பியும் வரிப்பணத்து வானொலியும்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், வாகன உதிரிப்பாகங்களைப் பொதி செய்து அனுப்பும் ஒரு வேர்ஹவுஸில் ஷிப்ட் லீடாக வேலை செய்கிறேன். பகல் ஷிப்ட் காலை ஏழு மணி தொடங்கி மாலை ஏழு வரை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே கூரைக்குக் கீழே நிற்பவர்கள் எவ்வளவு நேரம்தான் வேலையைப் பற்றியே கதைப்பது? ஹொக்கி, வீட்டு வாடகை, அப்புறம் அரசியல். 2025 வசந்தத்தில் முதல் இரண்டும் ஒதுங்கிக்கொள்ள அரசியல் மட்டுமே மிஞ்சியது.

அதற்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் 3 முதல் இறக்குமதிக் கார்களுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. கனடாவை 51-வது மாநிலம் ஆக்குவோம் என்ற பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் கார்த் தொழிலை நம்பியே நகர்கிறது. ஜனவரியில் அப்போதைய லிபரல் பிரதமர் ட்ரூடோ விலகப்போவதாக அறிவித்தபோது கருத்துக் கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி இருபது புள்ளிகளுக்கும் மேலாக முன்னால் நின்றது. மார்ச்சில் அதே கட்சியின் மார்க் கார்னி பிரதமரானார். ஏப்ரல் 28 தேர்தலில் லிபரல்களே மீண்டும் வந்தார்கள், பெரும்பான்மை இல்லாமல். கன்சர்வேட்டிவ் தலைவர் பொய்லியேவ் ஒட்டாவா பக்கத்துத் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போனார்.

எங்கள் சாப்பாட்டு அறையில் வரியை விடவும் சூடாகக் கதைக்கப்பட்டது கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி பற்றித்தான். ஆங்கில சிபிசிக்குப் போகும் அரசுப் பணத்தை நிறுத்துவேன், அதன் பிரெஞ்சுப் பிரிவான ரேடியோ-கனடாவைத் தொடமாட்டேன் என்றார் பொய்லியேவ். கார்னியோ மேலும் 15 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். அப்போது ஆண்டுக்குப் போனது ஏறத்தாழ 140 கோடி டாலர். நாலு கோடிக்குச் சற்று மேற்பட்ட சனத்துக்குப் பிரித்தால் தலைக்கு 34 டாலர் அளவில் வரும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பஞ்சாபி நண்பருக்கு அந்த 34 டாலரே அதிகம். "நான் பார்க்காத தொலைக்காட்சிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?" என்பார். அதைவிட அவரை எரியவைத்தது போனஸ் விவகாரம். 2023 டிசம்பரில் 600 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்த அதே நிறுவனம், அந்த நிதியாண்டுக்கு 1 கோடியே 84 லட்சம் டாலரைப் போனஸாகக் கொடுத்தது. பிறகு போனஸ் முறையை நிறுத்தினார்கள், ஆனால் ஈடாகச் சம்பளத்தைக் கூட்டினார்கள். மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு இதில் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். பொது ஊடகத்தை ஆதரிக்கும் நானும் அந்தக் கோபத்தை முழுதாக ஏற்கிறேன். அதை வலதுசாரிப் பிரசாரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் சிபிசிக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள்.

எதிர்ப் பக்கம் நின்றவர் பொதி மேசையில் வேலை செய்யும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். எப்போதும் கன்சர்வேட்டிவுக்கே வாக்களிப்பவர், ஆனால் அவருடைய மேசையில் சிபிசி வானொலி காலையிலிருந்து மாலை வரை விளம்பரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பிறந்தது தெருவே போய்ச் சேராத ஒரு மீனவக் கிராமம். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கென்று 1951-இல் தொடங்கிய நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத்தான் அவருடைய அப்பா கடலுக்கு இறங்குவாராம். இந்தப் பொது வானொலியைத் தொடங்கி வைத்ததே ஒரு கன்சர்வேட்டிவ் பிரதமர், ஆர்.பி. பென்னட், 1932-இல், என்று அவர் மேசையைத் தட்டிச் சொல்வார். அது உண்மை. அப்போது எல்லைக்கு அப்பாலிருந்து அமெரிக்க நிலையங்களின் ஒலி கனடா முழுவதும் பரவியிருந்தது. தன் நாட்டுச் செய்தியைத் தன் குரலில் கேட்க வழியில்லாத நாடு எப்படி நாடாக நிற்கும் என்ற கவலையில் பிறந்ததுதான் அது. 1936-இல் சிபிசி ஆனது. வெட்டியவர்களைப் பார்த்தாலும் ஒரு கட்சி என்று சொல்ல முடியாது: தொண்ணூறுகளில் லிபரல்கள் வெட்டினார்கள், 2012-இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பர் 11.5 கோடி வெட்டினார், 2016-இல் ட்ரூடோ ஐந்து ஆண்டுக்கு 67.5 கோடி திருப்பிக் கொடுத்தார். வருடா வருடம் நாடாளுமன்றத்தின் கையை எதிர்பார்க்கும் நிறுவனம் எந்தத் திட்டத்தையும் பத்து ஆண்டுக்குப் போட முடியாது. இதைப் பற்றித்தான் நாம் அதிகம் கதைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரசுப் பணம் வாங்கினால் அரசின் ஊதுகுழல்தானே என்று பஞ்சாபி நண்பர் கேட்டபோது, எனக்கு யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலியை ஓடவிட்டு, இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். கொழும்பு வானொலியும் அரசுப் பணத்தில் ஓடியது, லண்டன் வானொலியும் அரசுப் பணத்தில்தான் ஓடியது. கொழும்பு சொன்னதை நாங்கள் நம்பவில்லை. லண்டன் சொன்னதில் குறை பிடித்தோம், சண்டை பிடித்தோம், ஆனாலும் அடுத்த நாளும் அதைத்தான் கேட்டோம். யார் பணம் தருகிறார் என்பதோடு, தந்தவருக்குச் செய்தி அறைக்குள் நுழைய முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவின் ஒலிபரப்புச் சட்டம் சிபிசியின் செய்திச் சுதந்திரத்தை எழுத்தில் காக்கிறது. இதை நண்பருக்குச் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் டைனமோ கதையை மறுபடி சொல்லச் சொன்னார்.

இந்த வாதங்களில் கலந்துகொள்ளாதவன் ஒரு தம்பி. இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். "நான் போட்டு என்ன அண்ணா மாறப்போகுது? இங்க எப்பவும் லிபரல்தானே" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. 2015-இலிருந்து ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தொகுதிகள் எல்லாமே லிபரல்தான். வாக்குகளின் எண்ணிக்கையைவிட, அவை எந்தத் தொகுதியில் விழுந்தன என்பதே பெரிதாகிவிடும் இந்த முறையை மாற்றுவேன் என்று ட்ரூடோ 2015-இல் சொன்னார், 2017-இல் கைவிட்டார். அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அரசியல்வாதி சொன்னதைச் செய்யமாட்டார் என்று அவன் தலைமுறை கற்றுக்கொண்டதற்கு அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. டிரம்ப் அன்று காலை என்ன சொன்னார் என்பதை மட்டும் வரிக்கு வரி சொன்னான். வேலை முடிந்து வீடு போகும் வழியில் அதைப் பற்றித்தான் யோசித்தேன். அவன் செய்தி பார்ப்பது இன்ஸ்டாகிராமில். பெரிய இணைய நிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற இணையச் செய்திச் சட்டத்தால் வந்த தகராறில், இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் செய்தி நிறுவனங்களின் பதிவுகளை மறைத்துவிட்டது. அந்த மாதமே காட்டுத்தீக்காகக் கனடாவின் வடக்கிலுள்ள யெலோநைஃப் நகரம் முழுவதையும் வெளியேற்றினார்கள். அப்போதும் அந்தச் செய்திகளை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. அடுத்த மாதம் ஒன்ராறியோவில் ஏறத்தாழ 70 சமூக வாரப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பு ஒரே நாளில் நின்றது, 605 பேர் வேலை இழந்தார்கள். தெருவில் எந்தப் பாலத்தைத் திருத்துகிறார்கள், எந்த வேட்பாளர் எந்தப் பள்ளி மண்டபத்தில் பேசுகிறார் என்பதெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்த இடம் அது. சிபிசியும் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆறு லட்சம் சனத்துக்கு மேல் வாழும் ஸ்காபரோவைப் பற்றி, துப்பாக்கிச் சூடு நடந்தால்தான் சிபிசியில் கேட்கிறேன். தமிழ் வானொலிகள் வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கின்றன, ஆனால் தம்பிக்கு அந்த அளவு தமிழ் ஓடாது.

அதனால் சொல்கிறேன், வாக்களிக்காத இளைஞனைச் சோம்பேறி என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. எங்கள் வேலைத்தளத்தில் அரசியலை மிகக் கவனமாகக் கேட்டவர் ஒரு பிலிப்பினோ சகோதரி. அவர் நிரந்தர வதிவாளர், வரி கட்டுகிறார், வாக்கு இல்லை. நான்கு கட்சிகளின் வரிக் கொள்கையையும் அவர் சொல்லித்தான் சிலர் தெரிந்துகொண்டார்கள்.

தேர்தல் நாளும் வேலை நாள்தான். வாக்குச்சாவடி காலை 9:30 முதல் இரவு 9:30 வரை. வாக்களிக்கத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். ஏழு மணிக்கு முடிந்தால் இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சும். அதனால் குடியுரிமை உள்ள எல்லோரையும் 6:30-க்கே சம்பளத்தோடு விட்டோம். பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தம்பி வீட்டுக்குத்தான் போனான்.

மே மாதம் கியூபெக்கின் டெர்ரபோன் தொகுதியில், நீதிபதி முன்னிலையில் மறுபடி எண்ணியபோது, ஒரே ஒரு வாக்கில் லிபரல் வென்றார். தேர்தல் அலுவலகம் உறையில் தபால் குறியீட்டைத் தவறாக அச்சிட்டதால் ஒரு வாக்காளரின் தபால் வாக்கு அவருக்கே திரும்பி வந்தது. தம்பி அந்தச் செய்தியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினான். "சரி, அது கியூபெக் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனாலும் கொண்டுவந்து காட்டினான்.

கார்னியின் 15 கோடியைப் பற்றி நான் அங்கே சொல்லிவருவது இதுதான். அதில் பெரும்பங்கை எங்கள் மாதிரி இடங்களில் நிரந்தரமாக இருக்கும் செய்தியாளர்களுக்குக் கொடுங்கள். நகரசபைக் கூட்டத்தில் உட்காரவும், வேட்பாளர்களின் முகத்தைத் தம்பியின் திரைக்குக் கொண்டுபோகவும் ஆள் வேண்டும். 2022 நகரசபைத் தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம்தான். அடுத்தது 2026 அக்டோபர் 26. பஞ்சாபி நண்பர், அப்படிச் செய்தால் 34 டாலரைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்கிறார். நியூஃபவுண்ட்லாந்துக்காரருக்கு ஸ்காபரோவுக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் தன் ஊர் வானொலியிலிருந்து ஒரு சதமும் எடுக்கக் கூடாதாம். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.