‘போ’ என்றால் போகச் சொல்வதில்லை

மணிலா வந்த புதிதில் என்னைக் கலங்கடித்தது வெயிலோ மழையோ இல்லை, ‘போ’ என்ற சொல்தான். கடையில், வங்கியில், வீட்டு வாசலில், யார் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு ‘போ’. தமிழ்க் காதுக்கு அது எப்படி இருக்கும்? நாள் முழுக்க ஊரே நம்மை விரட்டுகிற மாதிரி இருந்தது.

மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டியில், கமூனிங் பக்கம், ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா. ‘தீத்தா’ என்று கூப்பிடச் சொன்னார். அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான். சாயங்காலம் ஆறரைக்கு அவர் வீட்டில் ‘24 ஓராஸ்’ செய்தி ஓடும். சோற்றுக் குக்கரின் ஆவி வாசனையும் செய்தி வாசிக்கும் மைக் என்ரிக்கெஸின் குரலும் சேர்ந்தே மாடிக்கு ஏறி வரும்.

அந்தக் குரலை எழுத்தில் காட்டுவது கடினம். தடதடவென்று ஓடும், வாக்கியம் முடிகிற இடத்தில் இழுத்து நிற்கும். வாசிக்கும்போது தொண்டை கட்டினால் சட்டென்று நிறுத்தி, “எக்ஸ்கியூஸ் மீ போ” என்பார். நாடே பார்க்கும் நேரலையில், இருமியதற்கு ஒரு மன்னிப்பு! முதல் தடவை கேட்டபோது தீத்தாவிடம் அர்த்தம் கேட்டேன். “பெரியவங்ககிட்ட பேசுறப்போ சேர்த்துக்கிற மரியாதை” என்றார். சரி, நம்ம ‘ங்க’தான் அது. அன்றைக்கு என் காது திரும்பியது.

அப்புறம் தினமும் கீழே போய் உட்கார்ந்துவிடுவேன். செய்திக்கு அவர்கள் சொல் ‘பலீத்தா’; முகம் ‘முக்கா’, மாங்காய் ‘மங்கா’. தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. மொழியோடு என்ரிக்கெஸும் பழகினார். 1969இல் வானொலியில் தொடங்கியவர். தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த பிறகும் வானொலியை விடவில்லை. 2000இல் தொடங்கிய ‘இம்பெஸ்திகடோர்’ நிகழ்ச்சியில் ஏமாற்றுக்காரர்களைப் பார்த்து “ஹிந்தி நமின் கயோ தாதான்தானன்” என்று முழங்குவார். உங்களை விடமாட்டோம் என்று பொருள். தீத்தாவின் மகன் சவுதியில் வேலை பார்த்தார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு, தங்கள் பக்கம் நின்று சத்தம் போட ஒருவர் இருக்கிறார் என்பது எத்தனை பெரிய ஆறுதல்! அருகே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

2018இல் என்ரிக்கெஸுக்கு இதய அறுவை, 2021 கடைசியில் சிறுநீரக மாற்று. 2022இல் அவர் திரும்பி வந்த அன்று தீத்தா கைதட்டினார். 2023 ஆகஸ்ட் 29 அன்று, தன் 71ஆம் வயதில், அவர் இறந்துபோனார். அதே ‘24 ஓராஸி’ல்தான் சொன்னார்கள். தீத்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். குக்கர் அணைந்து வெகுநேரம் ஆகியும் யாரும் தட்டு எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்னியில், அதாவது அந்த ஊர் சிறு பேருந்தில், காசை முன்னால் இருந்தவர் கையில் கொடுத்து, “பயாத் போ” என்றேன். கை மாறிக் கை மாறி அது ஓட்டுநரிடம் போனது. இறங்க வேண்டிய இடம் வந்ததும், “பாரா போ!” என்று குரல் கொடுத்தேன். வண்டி நின்றது.